ஆச்சரியக்குறிக்குள் நீ வைத்தது

உன் லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் கருவாட்டு வாடைதான் வருகிறது. நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் சம்சாரம்தான் கொண்டுவந்து கொடுத்தாள். "மணலிப் பக்கம் அந்தப் புகைபோக்கிய இடிச்சிட்டாங்கண்ணே. அவரு எழுதுனதுல அது அப்டியே கீது. நீதாண்ணே மாத்தணும்" என்றாள்.

கரையைப் பார்த்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கிற குறிகளைக் குப்பத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று நீ ஆரம்பித்த விக்கி அது. கடைசிவரை எழுதியது நீ ஒருவன்தான். கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் புகைபோக்கி வந்து நின்றால் அடியில் உடைந்த கப்பல் கிடக்கிறது, அங்கே வலை விடாதே என்று எழுதியிருந்தாய்.

'தொகு' என்பதை அழுத்தினேன். பக்கம் அப்படியே இருந்தது. படிக்கிறேனா, எழுதுகிறேனா என்றே விளங்கவில்லை. முன்பெல்லாம் நீ எழுதும்போது அடைப்புக்குறியும் நட்சத்திரமுமாகக் கிடக்கும். "இப்ப கண்ல பட்ற மேரியே திருத்தலாம் மாமு, பேஜாரே இல்ல" என்றாய். எனக்கு அதுதான் பேஜாராக இருந்தது.

'மூடுபனியில் குறி தப்பாகச் சொன்னதால் எங்கள் வலை இங்கே கிழிந்தது' என்று ஒரு வரி. தப்பாகச் சொன்னவன் யாரென்று குப்பத்துக்கே தெரியும். அன்றிலிருந்து எனக்குப் பெயரே 'கோபுரம்'தானே.

அந்த வரியின் ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி. படிக்கும்போது அது இல்லை. நான்தான் எதையோ தட்டிவிட்டேன் என்று அழித்தேன். பிறகு பயம் வந்து, வளைந்த அம்பை அழுத்தினேன். குறி திரும்பி வந்தது. அதைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. தொகுக்க வருகிறவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற குறிப்பாம்.

"அன்னிக்கி கோபுரத்த தப்பா பாத்து சொன்னது நானு. மாமு இல்ல."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தப் பனியில் நாம் இருவருமே கத்திக்கொண்டிருந்தோம். நான்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷம் நானே நம்பிவிட்டேனே! இதை ஒளித்து வைத்தாயா, எனக்கென்று வைத்தாயா? உனக்குப் பிறகு இதைத் திருத்த என்னைத் தவிர யார் வருவார்கள்? கோபம்தான் வந்தது. பிறகு அழுதேன்.

புகைபோக்கியை எடுத்துவிட்டு, இப்போது அந்த நேருக்கு வருகிற செல்போன் டவரை எழுதிச் சேமித்தேன். உன் வரியையும் குறிப்பையும் தொடவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்று காலை கரையில் யாரோ, "இன்னா கோபுரம், கடலுக்குப் போலியா?" என்று கூப்பிட்டார்கள். வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன்.