நூற்றுப் பதினேழு சதவீதம்

மார்கழி 26, காலை 07:00
செவ்வாய்க் கிரகம், ஆறாம் குவிமாடம், வானிலை அறை. எழுதுபவர்: வைரவன்.
தரையில் வெப்பம் 6 டிகிரி. குவிமாடத்துக்குள் நிற்கும் கோபுரத்தின் உச்சியில் மைனஸ் 21. உச்சியில் ஈரப்பதம் 98 சதவீதம். மேகம் இல்லை. முன்னறிவிப்பு: தெளிவான வானம். வெளியே கொல்லும் குளிர். உள்ளே இருக்கும் இருநூறு பேருக்கு ஒரு குறையும் இல்லை.

மார்கழி 27, 07:00
உச்சியில் 98. மேகம் இல்லை. தெளிவு.
தனிக் குறிப்பு, இதைத் திறப்பவருக்கு மட்டும்: ஈரப்பத மீட்டர் காட்டியது 109. நேற்று 104. நூற்றைத் தாண்டினால் நீராவி மேகமாகியிருக்க வேண்டும். மேலே ஒரு பஞ்சுத் துணுக்கைக்கூடக் காணோம். மீட்டர் கோளாறு, வேறென்ன? 98 என்று திருத்திவிட்டேன்.
கருவிகளைப் பராமரிக்கும் அமலோற்பவம் ரேடியோவில் மல்லுக்கு நின்றாள். "மீட்டரு சரியாத்தான் இருக்கு சார். மூணு வாட்டி தொடச்சிப் பாத்துட்டேன்." "தொடைக்கிறது உன் வேலை அமலி. நம்பரை என்கிட்ட விடு" என்றேன்.
போன மாதம் தூறல் வரும் என்று அறிவித்தேன். ஒரு சொட்டு விழவில்லை. கேன்டீனுக்கு ஆளாளுக்குத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க என்னால் ஆகாது.

மார்கழி 28, 16:30
நாளை போகி. கிழிந்த சாக்கு, பழைய அட்டைப்பெட்டியெல்லாம் கொளுத்தலாமா என்று காற்றுப் பிரிவில் கேட்டார்கள். "தாராளமா கொளுத்துங்க, வானம் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கும்" என்றேன்.
மீட்டர் 117. அனுப்பியது 98. மூன்று நாளும் ஒரே எண்ணா என்று காற்றுப் பிரிவில் கேட்டுவிட்டார்கள். 'கருவிப் பராமரிப்பில் அலட்சியம்' என்று எழுதிக் கொடுத்தேன். அமலியின் பெயரையும் போட்டேன். கை கூசவே இல்லை.

மார்கழி 29, 06:05
அமலி: "அலட்சியம்னு எளுதிக் குடுத்திருக்கீங்களாமே சார். புது மீட்டர எடுத்துக்கிட்டு கோபுரத்து மேல வந்துட்டேன். ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாக்கேன்."
முந்நூறு மீட்டர் உயரம். தனியாகத் தூக்குக் கூண்டில் ஏறிப் போயிருக்கிறாள். என் குட்டு உடைந்துவிடுமே என்றுதான் யோசித்தேன். சே, அதைத்தான் யோசித்தேன். கீழே பறை கேட்கிறது, தீ மூட்டிவிட்டார்கள்.

06:20
அமலி: "புதுசும் நூத்திப் பதினேழுதான் காட்டுது சார். கீள இருந்து பொக வருது."
புகை! அட மடையா! முதலாம் ஆண்டில் படித்த பாடம். நீராவி தானாகத் துளியாகாது, ஒட்டிக்கொள்ள ஒரு தூசியாவது வேண்டும். போன மாதம் புது வடிகட்டிகள் போட்டோம். காற்றில் தூசியே கிடையாது. தூறல் பொய்த்ததும் அதனால்தான். சீட் கிடைக்காத பஸ் கூட்டம் மாதிரி அத்தனை நீராவியும் மேலே நின்றுகொண்டிருக்கிறது. இப்போது நாங்களே கோடி கோடியாகத் தூசி அனுப்புகிறோம்.
"எறங்கு அமலி! உடனே எறங்கு!"

06:26
கூரைக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. நான் எழுந்து ஜன்னலுக்குப் போவதற்குள் உச்சி மறைந்துவிட்டது. அந்தக் குளிரிலும் உறையாமல் மிதக்கும் துளிகள். எதைத் தொட்டாலும் அங்கேயே பனிக்கட்டியாகிவிடும்.
அமலி: "கூண்டு நவுர மாட்டேங்கி சார். கப்பி உறஞ்சிபோச்சி. உடுப்பெல்லாம் நனஞ்சிட்டு."
கீழே ஜனங்கள் கைதட்டுகிறார்கள். இந்தக் குவிமாடத்தின் முதல் மேகம்.

06:40
மீட்புக் குழு ஏணியில் ஏறுகிறது. படியெல்லாம் பனி.
ஒலிபெருக்கியைப் போட்டேன். "மீட்டர் சரியாத்தான் இருந்தது. எண்ணை மாத்தினது நான். அமலோற்பவத்து மேல எந்தத் தப்பும் இல்ல." கைதட்டல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அத்தனை பேரும் என் அறையைப் பார்க்கிறார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மூன்றே வாக்கியம். இதைச் சொல்ல எனக்கு மூன்று நாள்.

06:44
அமலி: "கேட்டுச்சி சார்." பல் அடித்துக்கொள்ளும் சத்தம். "எளுத்துலயும் போட்டுட்டீங்களா?"
போடுகிறேன் அமலி. இதோ போடுகிறேன்.

07:02
அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. இடைவெளி அதிகமாகிக்கொண்டே

07:31
குழு: "மேல வந்துட்டோம். மூச்சு இல்ல சார். ரெண்டு மீட்டரையும் மாரோட அணைச்சுப் பிடிச்சிருக்காங்க. பிரிக்க முடியல."

காலை 07:00 பதிவு, தாமதமாக
மேகம்: வானம் முழுவதும்.
உச்சியில் ஈரப்பதம், 06:20 நிலவரம்: 117.
அளந்தவர்: அமலோற்பவம்.
திருத்தம்: இல்லை.