நாலரை மணித் தேத்தண்ணி

வாப்பா,

சற்று முன்தான் ட்ரான்சிஸ்டரில் நோன்புப் பிறை கண்டதாக அறிவித்தார்கள். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு என்ன சமைப்பது என்று உங்கள் மருமகள் அடுப்படியில் பரபரக்கிறாள். ஊரே சந்தோஷப்படும் இந்தச் செய்தியைக் கேட்டால் எனக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் முகம் சுருங்குகிறது. இதே செய்தியைத்தான் அன்று உங்களிடம் மறைத்தேன்.

மாத்தளையில் ஒரு பழைய பங்களாவில் ஆறு கட்டில் போட்டு நடத்திய நர்சிங் ஹோம் அது. நாவுலயில் துணிக்கடையை மூன்று மணிக்குச் சாத்திவிட்டு பஸ் ஏறினால், நாலேகாலுக்கு உங்கள் கட்டிலருகே இருப்பேன். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல் வந்தேன். என்னைக் கண்டதும் "இண்டைக்கி ஆருக்கிட்ட ஏமாந்த?" என்று கேட்பீர்கள். கடையை என்னிடம் தந்த நாளிலிருந்து உங்களுக்கு அந்தச் சந்தேகம். நாலரைக்கு உதவியாள் சோமாவதி தேத்தண்ணி கொண்டுவருவாள். நீங்கள் பாதியைச் சாசரில் ஊற்றி என் பக்கம் தள்ளுவீர்கள். "குடி மகன், பஸ் களைப்பு போகட்டும்." நான் குடித்த பிறகுதான் உங்கள் பங்கைத் தொடுவீர்கள்.

நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: நோன்பு பிடித்தால் இந்த இதயம் தாங்காது, மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லையே என்று உங்களிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நோயாளிக்கு இல்ல. ஆனா நான் நோயாளியா இல்லையாண்டு நான்தான் செல்லணும். பிறை கண்டா என்ட வாயில தண்ணியும் படாது" என்றீர்கள். அறுபது வருடமாக ஒரு நோன்பும் விடாதவர். உங்களிடம் வாதாடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.

பிறகு காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் நாளும் பொழுதும் தெரியாமல் கிடந்தீர்கள். தெளிந்ததும் முதலில் கேட்டது, "ஷஃபான் எத்தன?" நோன்புக்கு முந்தின மாதமான ஷஃபானில் அன்று இருபத்தெட்டு. "பதினெட்டு வாப்பா, நாலு நாள்தான் படுத்திருந்தீங்க" என்றேன். பத்து நாள் கிடைத்தால் அதற்குள் வேறு வழி யோசிக்கலாம் என்று நினைத்தேன். சொந்தக்காரர்களையும் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று தடுத்தேன். அங்கே இருந்தவர்களில் நாம் இருவர் மட்டுமே முஸ்லிம்கள் என்பதால், வேறு யாரும் உங்களிடம் நோன்பைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். முதல் நோன்பன்று நீங்கள் சாசரை என் பக்கம் தள்ளியபோதுதான் அது உறைத்தது. ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லாதவன் இன்று சொன்னால் அந்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவீர்கள். நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. குடித்தேன். எட்டு நாள் அப்படித்தான் போயிற்று. நாலரை மணிவரை நோன்பு, அதன் பிறகு பொய். போதாததற்கு நாவுலயில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நோன்பாளிகளோடு நோன்பாளியாகப் பள்ளிவாசலில் உட்கார்ந்து கஞ்சியும் குடித்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் நீங்கள் சாசரைத் தொடவில்லை. கோப்பையைத் தூக்கி, என் முகத்தைப் பார்த்தபடியே, கடைசிச் சொட்டுவரை நீங்களே குடித்தீர்கள். மாத்திரையையும் கேட்டு வாங்கி விழுங்கினீர்கள்.

"இனி எனக்கு முழுக் கோப்பையும் வேணும். நீ ஒழுங்கா நோன்பப் புடி."

என் சேர்ட்டுப் பையைத் தொட்டுக் காட்டினீர்கள். முந்தின நாள் சிந்திய கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. அவசரத்தில் அதே சேர்ட்டைப் போட்டு வந்திருக்கிறேன்.

"பள்ளிக் கஞ்சி வேற எந்த மாசத்துல காச்சிற?"

நாற்பது வயது மனிதன், சோமாவதி பார்க்கப் பார்க்க அழுதேன். "கோவமா வாப்பா?" என்றேன்.

"கோவந்தான். வாப்பாக்கிட்ட பொய் செல்லவா ஒன்ன வளத்த?" பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "நோன்ப முறிச்சதுக்கு நீ அல்லாஹ்க்கிட்ட பேசிக்க. பொய்ய நான் பேசிக்கிறேன்."

பெருநாளைக்கு நான்கு நாள் இருக்கும்போது போய்விட்டீர்கள். அதுவரை தினமும் என் கண் முன்னால் முழுக் கோப்பையையும் குடித்தீர்கள். யார் சொல்லியும் விட மாட்டேன் என்ற நோன்பை, நான் மறுபடியும் உங்களுக்காகப் பொய் சொல்லி என் நோன்பை முறிக்கக் கூடாது என்பதற்காக விட்டீர்கள்.

முறித்த எட்டு நோன்பையும் அந்த வருடமே பிடித்து முடித்தேன். உங்கள் நோன்புகளுக்காக, மௌலவி சொன்னபடி, நாளுக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தேன். பொய்யைப் பற்றி மட்டும் அவரிடம் நான் கேட்கவில்லை. அதை நீங்கள் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சொன்ன சொல்லை நீங்கள் மாற்றி நான் கண்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் வாப்பா, நாளைக்கும் நோன்பு பிடிக்கப் போகிறேன்.