பெயர் மட்டும் இருந்த வீடியோக்கள்

அன்புத் தம்பி குமரேசா,

நீ கண்மூடிய பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம். நல்ல செய்தி சொல்லத்தான் ஆசை. என்னிடம் இல்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீ கிரேன் ஓட்டிய நாட்களில், வேலை முடிந்ததும் கடலைக் காட்டிப் பேசி எடுத்த வீடியோக்கள் உன் கிளவுட் கணக்கில் இருந்தன. என் கணினியிலும் போனிலும் அந்தக் கணக்கைச் சேர்த்துக் கொடுத்தாய். "அண்ணாத்த, நேத்து போட்டத பாத்தியா?" என்பாய். "சாவகாசமாகப் பார்க்கிறேன்" என்பேன். பெரும்பாலும் பார்க்கவில்லை. மாதவாரியாகப் பெயரிட்டு அடுக்கினேன்.

கும்மிடிப்பூண்டி ஆலையில் ஸ்டோர்ஸ் பார்த்த புத்தி அது. ரேக்கில் அட்டை தொங்கினால் பொருள் உள்ளே இருக்கும். திரையில் பெயர் தெரிந்ததால் வீடியோவும் கணினியில் இருப்பதாக நம்பினேன். பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேகப் படத்துக்கு, இது இங்கே இல்லை, கிளவுடில் மட்டும்தான் என்று பொருளாம். எனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை?

இடம் நிறைந்துவிட்டதென்று உன் போனில் ஓயாமல் செய்தி வர, உன் மனைவி செல்வி எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். "உங்க கம்ப்யூட்டர்ல தான் பத்திரமா கீதேன்னு அழிச்சிட்டேன் மாமா" என்றாள். அவளை எப்படிக் குறை சொல்வேன்? நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன். கணினியைத் திறந்தபோது பெயர்கள்கூட இல்லை. அழித்ததை மீட்கும் கெடுவும் தாண்டியிருந்தது.

நீ கணக்கைச் சேர்த்துக் கொடுத்த என் பழைய போன் ரீசார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. மீஞ்சூரில் போன் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் கடை வைஃபையில் நெட்டைப் போட விரலை வைத்ததும் அவர் கத்தினார்.

"யோவ் பெரியவரே, நெட்டு ஆன் பண்ணாத! அங்க அழிஞ்சது இங்கயும் அழிஞ்சிரும். ஒரு ஊட்ல சாவுன்னா தெருவே அடுப்ப அணைக்குதுல்ல, அதான் சிங்க்கு." என் முகத்தைப் பார்த்ததும், "தப்பா எடுத்துக்காத சார்" என்றார்.

ஒயர் போட்டு எடுத்துத் தந்தார். "அஞ்சாறு தான் முழுசா கீது சார். நீ தொறந்து பாத்தது மட்டும் தான் போன்ல தங்கும். மத்ததெல்லாம் ஸ்டாம்பு சைசுல வெறும் படம்."

நான் பார்த்தவை தங்கின. பார்க்காதவை போய்விட்டன. அவ்வளவுதான் கணக்கு, தம்பி.

நேற்று செல்வி போனில் கேட்டாள்: "அவரு எம்பேரச் சொல்ற வீடியோ எதுனா கீதா மாமா?"

மிஞ்சியதையெல்லாம் மறுபடி மறுபடி கேட்டேன். அலை, காற்று, உன் சூப்பர்வைசரைப் பற்றிய கிண்டல். அவள் பெயர் இல்லை. ஸ்டாம்பு படம் ஒன்றில் வாயைத் திறந்து சிரிக்கிறாய். அதில் அவளைப் பற்றித்தான் பேசினாயா? இதைக் காட்டி ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வி இருக்கும் கடம்பத்தூருக்குப் போகிறேன். நான் திறந்து பார்க்கவில்லையம்மா, அதனால் எனக்குத் தெரியாது என்று அவளிடமே சொல்வேன். அவள் அழுது முடிக்கும்வரை எழுந்து வரமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ பேசியதில் பாதிகூடக் கேட்காத
உன் அண்ணன்