வளைவில் மட்டும் எரியாத கற்கள்

தங்கச்சி,

பெடாஸ் போகிற பெரிய சாலையில் நேற்று புதுக் கோடு போட்டார்கள். இருட்டில் தானாக ஒளிருமாம். பஸ்ஸுக்குக் காத்திருந்த எனக்குச் சாயத்தின் வாடை மூக்கில் ஏறியது. கூட நின்ற பக்கத்து வீட்டுக்காரி உடனே ஆரம்பித்துவிட்டாள்: "இத நம்ம எஸ்டேட்டுல ஒங்க ஓரகத்தி அப்பவே செஞ்சிட்டாளேக்கா! என்னா மூளைலா அவளுக்கு!" நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. செத்தவள்மேல் பொறாமைப்படுகிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நீ வந்த நாளிலேயே தொடங்கியது இது. நீ லுக்குட் டவுனில், சாலைக்குக் கோடு போடும் கம்பெனி ஆபீசுக்குக் கைப்பை மாட்டிக்கொண்டு போனாய். நான் செம்பனைக் காட்டில் குனிந்து, எண்ணெய்க் குலையிலிருந்து உதிர்ந்த பழம் பொறுக்கினேன். நீ வைத்த ரசத்தை மாமியார் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கற்களைத்தான் தாங்க முடியவில்லை.

நம் லயத்து வீடுகளிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் எஸ்டேட் ரோட்டுக்கு விளக்கு கிடையாது. சிறுபாலத்து வளைவில் எத்தனையோ மோட்டார் சைக்கிள்கள் கால்வாயில் இறங்கியிருக்கின்றன. பாலத்துக் கட்டைச்சுவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நான்தான் சுண்ணாம்பு அடிப்பேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ கம்பெனியில் மிஞ்சிய ஒளிரும் கற்களை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, ரோட்டின் இரு ஓரமும் பசை போட்டுப் பதித்தாய். "பகல்லாம் வெயில குடிக்கும்கா. இருட்டுனா வெளிச்சமா கக்கிரும்" என்றாய். அன்று பொழுது சாய்ந்ததும் பச்சையாக இரண்டு வரிசை எழுந்தது. லயமே வெளியே வந்து கைதட்டியது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் உன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நானும் கைதட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

சில மாதங்கள் கழித்து வளைவில் மட்டும் கற்கள் மங்கின. பிறகு அணைந்தே போயின. நீ முட்டி போட்டு ஒவ்வொரு கல்லையும் சோப்பு நுரையில் தேய்த்தாய். "ஏன்க்கா இந்த எடம் மட்டும் எரிய மாட்டுது?" என்று என்னிடம்தான் கேட்டாய்.

எனக்குத் தெரியும். நீ கல் பதித்தபோது அங்கே செம்பனை மட்டைகளை வெட்டிக் கழித்து முடித்திருந்தார்கள், வெயில் நேராக விழுந்தது. இப்போது புது மட்டைகள் ரோட்டின்மேல் சாய்ந்திருந்தன. வருடக் கணக்காக அந்த மரங்களுக்கடியில் கிடக்கிறவளுக்கு நிழல் எங்கே விழுகிறது என்று தெரியாதா? ஆபீசில் உட்கார்ந்திருந்த உனக்குத்தான் தெரியவில்லை. "மட்டமான கல்லா இருக்கும்லா. ஓசில குடுத்ததுதானே" என்றேன். உன் முகம் வாடியது. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

அடுத்த வாரம் மழையில் அந்த வளைவில்தான் என் வீட்டுக்காரர் மோட்டாரோடு கால்வாயில் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. கற்களைப் பார்த்தே ஓட்டிப் பழகிவிட்டார், அவை அணைந்த இடத்தில் ரோடு போன திசை தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய்.

"மன்னிச்சிருங்கக்கா. என் கல்ல நம்பித்தானே மாமா விழுந்துட்டாரு."

சொல்லிவிட நாக்கு வரை வந்தது. சொன்னால் அந்தக் கையை விட்டுவிடுவாயே என்று பயம். "சரி விடு. நீயென்ன வேணும்னா செஞ்ச" என்றேன்.

மறுநாள் விடியும்போதே நீளக் கழி அரிவாளை எடுத்துப் போய், சாய்ந்திருந்த மட்டைகளை நானே இழுத்து வெட்டினேன். அன்று மாலை வளைவு எரிந்தது. நீ குழந்தை மாதிரி குதித்தாய். "சோப்பு போட்டு தேச்சது வேல செஞ்சிருச்சுக்கா!" மறுபடியும் எல்லாரும் உன்னைத்தான் மெச்சினார்கள். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், ஆறாம் நாள் நீ இல்லை.

இப்போதும் மட்டை வளர்ந்தால் நான்தான் போய் வெட்டுகிறேன். வீட்டுக்காரரிடம்கூடக் காரணம் சொன்னதில்லை. கற்கள் எரிகின்றன, ஊர் உன் பெயரைச் சொல்கிறது. சொல்லட்டும். எரிச்சல் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஏற்கனவே சொன்ன பொய் போதும். ஆனால் இப்போது என்னை எரிப்பது உன் மூளை இல்லை, ரசம் இல்லை, கற்களும் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, அந்த வராந்தாவில், எனக்கு முந்தி நீ கேட்டுவிட்டாய்.