சோடாக்கடைக் காற்று குடித்த தொட்டி

என் அருமை மச்சானுக்கு,

நீ போன சேதி கேட்டு நம்மூர் அண்ணாமலையார் மலையே ஒரு முழம் இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். யாரும் சிரிப்பதில்லை. சிரிக்க வேண்டிய ஆள் நீதானே?

உன் மீன்தொட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தெருவே டி.வி. இருக்கிற வீட்டுக்கு ஓடும். நாம் இரண்டு பேர் மட்டும் அந்தத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்போம். உன் கடையில் கோலி சோடாவுக்கு அடைக்கிற கேஸை, சலைன் ஏற்றுகிற குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விட்ட மகாராஜா மூவுலகிலும் நீ ஒருவன்தான். "செடிக்கு இதாண்டா சோறு. நாம வெளிய வுடற மூச்சுலயும் இதான் இருக்குது. ஜாஸ்தியானா மீன் செத்துரும், கம்மியானா செடி செத்துரும்" என்பாய். தொட்டிக்குள் நீ வளர்த்த வேலம்பாசியின் இலையெல்லாம் முத்து முத்தாகக் குமிழ் பூக்கும். தண்ணீருக்குள்ளே கார்த்திகை தீபம் என்று நான் அளப்பேன். என் தங்கை மல்லிகாவுக்குத்தான் ஆகாது. தொட்டியைச் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவாள்.

மாரடைப்பு வந்து உன்னைக் கடையிலிருந்து தூக்கி வந்த அன்று, வழக்கப்படி வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார்கள். குடம், அண்டா எல்லாம் காலி. பிறகு உன் பெரியக்கா தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"சாவு வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அதையும் கொட்டுங்க."

அதுவரை அழாமல் சுவரில் சாய்ந்திருந்த மல்லிகா எழுந்து வந்து தொட்டியைக் கட்டிக்கொண்டாள். "கொட்டறதுன்னா என்னையும் சேர்த்துக் கொட்டுங்க அண்ணி."

யாரும் தொடவில்லை.

கடையை மூடியாயிற்று. கேஸ் சிலிண்டரை, அதைக் கொடுத்த வேலூர்க்காரன் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். செடிகள் வெளுத்துக் கரைய ஆரம்பித்தன. உன்னிடம் மறைப்பானேன், பாதிக்கு மேல் போய்விட்டது.

ஒருநாள் காலையில் போனால், மல்லிகா அந்தக் குழாயை வாயில் வைத்துத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடுப்பு பற்றவைத்து எத்தனை நாளாயிற்றோ?

"இன்னாம்மா பண்ற?"

"மூச்சுலயும் அதான் இருக்குதுன்னு அவருதான சொன்னாரு."

"மயக்கம் போட்டு வுழப்போற. குடு இங்க."

"உன்னால ஆவாதுண்ணா. மாடி ஏறினாலே உனக்கு இரைக்குது."

ஒரே ஊதில் மலையைச் செங்கம் வரைக்கும் தள்ளுகிற நெஞ்சு இது என்று உனக்குத் தெரியாதா? கொஞ்சம் ஊதினேன். கண் இருட்டிவிட்டது. முன்பானால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன்: "நீ சாப்புடற வரைக்கும் நான் ஊதறேன். தட்டைக் கீழ வெச்சின்னா நானும் குழாயை வெச்சுருவேன்."

வெறித்துப் பார்த்தாள். நான் ஓட்டலிலிருந்து வாங்கிப்போன பொட்டலத்தைப் பிரித்தாள்.

இப்போது தினமும் இதுதான் எங்கள் பூஜை. பாதி இட்லிதான் இறங்குகிறது. அதையும் வேண்டுமென்றே மெதுவாக மெல்லுகிறாள், மச்சான். என் உயிர் போகிறது. வாயால் ஊதுகிற காற்று எத்தனை நாளைக்குச் செடிக்குச் சோறு போடும்? இதை நான் யாரைப் போய்க் கேட்பேன்?

செடி பிழைக்கும் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். இவ்வளவு பெரிய புளுகனுக்கும் அது வாயில் வரவில்லை. ஆனால் அவள் தட்டு காலியாகிற வரை குழாயை என் வாயிலிருந்து எடுக்க மாட்டேன். இது புளுகு இல்லை.

இப்படிக்கு,
தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் புளுகு மாமா,
உனக்கு மட்டும் மச்சான்.