இரவல் குரல்

மார்ச் 3

மகாராணிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நேற்றுக் கண்ணாலேயே பார்த்தேனே. சலூனில் பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருக்கிறேன், டெலிவிஷன் விளம்பரத்தில் நீ வருகிறாய். வாஷிங் மிஷின் மூடியைச் சாத்தி, இரண்டு தட்டுத் தட்டி, நேராக லென்ஸைப் பார்த்துச் சிரிக்கிறாய்! நான் உன்னை வைத்து எடுத்த பதினான்கு படத்தில் ஒரு தடவையாவது லென்ஸைப் பார்த்திருப்பாயா? பார்க்க விட்டிருப்பேனா? "உங்க வீட்டம்மாதானே சார்?" என்று சலூன்காரர் கேட்டார். நான் திடுக்கென்று திரும்பியதில் கன்னத்தில் வெட்டு விழுந்ததுதான் மிச்சம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு படம் கிடைத்திருக்கிறது. இந்த வயதில் இதை விட்டால் எனக்கு இன்னொன்று கிடையாது. தாய் வேஷம் உனக்கு. நீ வருவாய் என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு டெஸ்ட் ஷாட். தாமதம் செய்யாதே.

டைரக்டர்

மார்ச் 7

டைரக்டர் ஐயாவுக்கு,

உங்களை விட்டு வந்து ஒன்பது வருஷம். சாப்பிட்டாயா, இருக்கிறாயா என்று ஒரு வரி இல்லை. தேதி, நேரம், தாமதம் செய்யாதே! ஐயோ, உங்களோடு எப்படித்தான் குடித்தனம் செய்தேனோ.

இங்கே எல்லாம் நேரடி ஒளிபரப்பு, இரண்டாவது டேக் கிடையாது. முதல் வாரம் நீங்கள் பழக்கியபடி லென்ஸுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தே பேசினேன். கம்பெனி மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா, யார்கிட்ட பேசறீங்க? ஜனங்க இதுக்குள்ளதான் இருக்காங்க!" நீங்கள் பழக்கியதை மறக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது வாரத்துக்கு ஒரு பை நிறையக் கடிதம் வருகிறது. காலர் அழுக்கு போகுமா, கம்பளி சுருங்குமா, உங்களுக்கும் முதுகுவலி உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். எல்லாருக்கும் என் கையாலேயே பதில் எழுதுகிறேன்.

ஊமைப் படக் காலத்தில் என் குரலுக்கு வேலையில்லை, சரி. பேசும் படம் வந்தது. முதல் காட்சிக்கு ஆசை ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். திரையில் நான் வாயைத் திறக்கிறேன், எவளோ ஒருத்தி பேசுகிறாள். பக்கத்திலேயே நீங்கள், கல்லுளிமங்கன் மாதிரி. "உன் குரல் தகரத்துல கல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்று வீட்டுக்கு வந்த பிறகு சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான்கு படம், நான்கிலும் இரவல் குரல்.

வருகிறேன். ஆனால் டெலிவிஷன் வேலையை விட மாட்டேன். படத்தில் என் குரலில்தான் பேசுவேன். சம்மதமென்றால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாஷிங் மிஷின்காரி

மார்ச் 10

மகாராணிக்கு,

சம்மதம், சம்மதம், சம்மதம். வசனம் இத்துடன் இருக்கிறது. மனப்பாடம் செய். சாப்பிட்டாயா? (எழுதிவிட்டேன், போதுமா?)

டைரக்டர்

மார்ச் 19

மகாராணிக்கு,

நீ நன்றாக இருப்பாய்! பெற்ற மகன் வெளியூருக்கு வேலைக்குப் போகிறான். தாய் அவன் பெட்டியை அடுக்கி மூடிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ வேண்டும். நீ என்ன செய்தாய்? பெட்டி மூடியைச் சாத்தினாய், இரண்டு தட்டுத் தட்டினாய், லென்ஸைப் பார்த்துச் சிரித்தாய்! ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. லைட் பிடிப்பவர் சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. என் மானம் கப்பலேறிவிட்டது. பழி வாங்கத்தானே வந்தாய்?

டைரக்டர்

மார்ச் 22

டைரக்டர் ஐயாவுக்கு,

பழியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கை தன்னால் தட்டிவிட்டது. முதல் தடவை எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் தடவை மேக்கப் அறைக்குப் போய் அழுதேன்.

நாலாவது டேக் சரியாக வந்ததே, அதைப் பற்றி ஒரு வரி காணோம்! சவுண்டுக்காரர் எழுந்து வந்து, "அம்மா, இத்தனை வருஷம் இந்தக் குரலை எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு இந்த வேஷம் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும். என்ன முடிவானது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாஷிங் மிஷின்காரி

ஏப்ரல் 2

மகாராணிக்கு,

படம் போய்விட்டது.

நாலாவது டேக்கைத் தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினேன். முகம் பிரமாதம் என்றார். "ஆனா அந்தக் குரல் வந்தா, தியேட்டர்ல வாஷிங் மிஷின்னு கத்துவாங்க சார். வேற யாரையாவது பேச வச்சிடலாம். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே!" என்றார். என் முகத்துக்கு நேரே சொல்கிறார்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "முடியாது. படமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கடைசிப் படமும் உன் குரலால் போயிற்று. திருப்திதானே?

அந்த டேக்கைத் தனியாக நான்கு தடவை கேட்டேன். தகரம் இல்லை. அன்றைக்கும் தகரம் இல்லை. ஜனங்கள் சிரித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம், அவ்வளவுதான்.

டைரக்டர்

ஏப்ரல் 6

உங்களுக்கு,

கடிதத்தை நின்றுகொண்டே ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன். அழுதேன். உங்கள் படம் போனதற்கும் அழுதேன், தகரம் இல்லை என்றதற்கும் அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தால், அப்படி ஓர் எரிச்சல் வருகிறது!

வேஷம் என்னுடையது, குரல் என்னுடையது. முடியாது என்று சொன்னது யார்? நீங்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்த முதல் காட்சிக்கு முன்னாலும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஆளின் மேஜைக்கு முன்னால் நின்று, இந்தக் குரலாலேயே சொல்லியிருப்பேன். எனக்கு நல்லது செய்யும்போதுகூட என் வாயைப் பொத்திவிட்டுத்தான் செய்வீர்களா?

பெயர் தெரியாதவர்கள் எல்லாம் என்னிடம் ஏதாவது கேட்டு எழுதுகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவருக்கு என்னைக் கேட்க ஒன்றுமே இல்லை.

இனி எழுதுவதாக இருந்தால், உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றை என்னிடம் கேட்டு எழுதுங்கள். அன்றைக்கே பதில் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி