பத்து வருஷச் செம்பு

மகளே,

இந்தக் காலத்துல வயித்து விஷயத்தையும் தாளா அச்சடிச்சு சாப்பாட்டு மேசையில போட்டு வைக்கிறீங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மாத்திரை, ஊசி எதுவும் வேண்டாமாம். கர்ப்பப்பையில வைக்கிற காப்பர்-டி பத்து வருஷம் குழந்தை தங்காம பாத்துக்குமாம். நாப்பது வருஷம் செம்புக் குழாய் பொருத்தினவன் நான். ஈரம் பட்டா அது பச்சைக் களிம்பு பூக்கும். சொன்னா, "நான் என்ன குழாயாப்பா?"ன்னு கத்துறே.

ரெண்டு பிரசவத்துலயும் செத்துப் பிழைச்சவ நீ. உன் புருஷனோ ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் பயந்து ஒளியிறான். ஆம்பளையாம்!

அதை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் படு. சோறு அடுப்புமேல இருக்கு.

மறந்துட்டேன்: வலிச்சா வெந்நீர்ப் பை கட்டில்மேல இருக்கு. பிள்ளைகளைக் கூட்டி வர நான் போறேன். பத்து வருஷம் தாங்கும்னு நான் எந்தக் குழாய்க்கும் வாக்குக் குடுத்ததில்லை.